கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பி.டி. டீச்சருக்கு

டீச்சர்,

இன்று காலை காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் நீலகிரித் தைலத்தின் வாசம் வந்தது. முன் சீட்டில் ஒரு பெரியம்மா சேலையை முழங்கால் வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். நான் மட்டும் முன்னால் சாய்ந்து அதை முகர்ந்தேன். இருபத்தேழு வருஷம் ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து மேஜையிலிருந்து வந்த வாசம் அது. உங்கள் பையில் விசில் இல்லாத நாள்கூட உண்டு, தைலம் இல்லாத நாள் கிடையாது. எந்தப் பிள்ளைக்குக் கணுக்கால் பிசகினாலும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வீர்கள். பக்கத்தில் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வாசம் ஆகவே ஆகாது. "இது பள்ளிக்கூடமா, வைத்தியசாலையா டீச்சர்?" என்று சிடுசிடுப்பேன். "ரெண்டுந்தானுங்க அம்மணி" என்பீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஐம்பது நாள் ஆகிறது. இன்று நான் பெரியநாயக்கன்பாளையம் போனது எதற்கு என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். என்னிடம் பத்தாவது படித்த சுகந்தியைப் பார்க்கப் போனேன். அவளிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருபது வருஷமாக என் வாய்க்குள்ளேயே இருந்தது. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் நம் பள்ளிக்கு வந்தபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே பழைய ஆள். சிங்காநல்லூரில் மில்களுக்கு நடுவே ஒரு பெண்கள் பள்ளி, அதற்கு மைதானம் என்ற பெயரில் நெருஞ்சி முள் மண்டிய ஒரு துண்டு நிலம். வேறு எந்த விளையாட்டுக்கும் அங்கே சாமான் இல்லை. இரண்டு கம்பம் நட்டால் கோ-கோ ஆடலாம் என்று நீங்களே கடப்பாரை பிடித்து நட்டதாகச் சொன்னார்கள். நான் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவைதான். அதுவே எனக்கு மலைப்பாக இருந்தது.

காலைப் பிரார்த்தனையில் நாங்கள் எல்லாரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்போம், பின்னலைப் பார்ப்போம், யூனிஃபார்மைப் பார்ப்போம். நீங்கள் வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே கால்களை மட்டும் பார்ப்பீர்கள். எட்டாவது வகுப்பில் ஒருத்தியின் தோளைத் தொட்டு, "சாப்பிடலையா கண்ணு?" என்று கேட்பீர்கள். அவள் அழத் தொடங்குவாள். இன்னொருத்தியிடம், "எந்தக் காலுல முள்ளு?" என்பீர்கள். ஒருமுறை ஒன்பதாவது படிக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "இந்தப் புள்ள ஊட்டுல நேத்து ஏதோ சண்டைங்க. நிக்கற நெல சரியில்ல" என்றீர்கள். விசாரித்தால் உண்மை. உங்களுக்கு மந்திரம் தெரியும் என்று நான் ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வேன். உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். என் கணக்கு வகுப்பில் வருஷம் முழுக்க எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு மதிப்பெண் தவிர வேறொன்றும் தெரியாது.

சுகந்தியை எனக்குப் பிடிக்காது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. வாட்டசாட்டமான பெண், உயரத்தின்படி உட்கார வைத்ததால் கடைசி பெஞ்ச். கரும்பலகையில் நான் மூன்று என்று எழுதினால் அவள் நோட்டில் எட்டு இருக்கும். கூட்டல் குறி கழித்தலாகியிருக்கும். கேள்வியையே தப்பாக எழுதி, அந்தத் தப்பான கேள்விக்குச் சரியாக விடை கண்டுபிடித்து வைத்திருப்பாள். அதை ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நான் யோசிக்கவில்லை. திமிர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மைதானத்தில் அவள் வேறு பெண். துரத்துகிறவள் பின்னால் வரும்போது தலையை லேசாக இடது பக்கம் சாய்ப்பாள், அடுத்த நொடி கைக்கு எட்டாமல் நழுவிவிடுவாள். ஒரு நாள் நான் வராந்தாவில் நின்றிருந்தபோது நீங்கள் பூரித்துப்போய்ச் சொன்னீர்கள். "பாருங்க அம்மணி, திரும்பியே பார்க்க மாட்டா. காலடிச் சத்தத்தைக் கேட்டே ஓடறா. என்ர சர்வீஸுல இப்படி ஒரு தெறமையை நான் பார்த்ததில்லீங்க."

"அந்தத் திறமையை வைத்துக்கொண்டு பத்தாவது பாஸ் பண்ண முடியுமா?" என்று கேட்டுவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

காலாண்டில் அவள் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நாற்பது பிள்ளைகள் முன்னால் அவளை எழுப்பி நிறுத்தி, "ஓடறதுக்குக் காலு இருந்தாப் போதுமா? மண்டைக்குள்ள ஏதாச்சும் வேண்டாமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதோடு விட்டேனா? எச்.எம். அம்மாவிடம் போய், கணக்கில் தேறும் வரை அவளை டீமில் சேர்க்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். மாவட்டப் போட்டிக்கு அப்போது மூன்று வாரம்தான் இருந்தது. நீங்கள் என் மேஜைக்கு வந்து நின்று கேட்டீர்கள்.

"என்ர பீரியடை எல்லாம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. அந்தப் புள்ளைய மட்டும் உட்டுப்போடுங்க."

நான் தலையைத் தூக்கவில்லை. அவள் இல்லாமல் டீம் போனது, முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. நீங்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அரையாண்டிலும் அவள் தேறவில்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். மில் ஷிஃப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சோடு அப்படியே வந்தார். "உங்க பொண்ணுக்குப் படிப்பு ஏறாதுங்க. வேற வழி பார்த்துக்குங்க" என்றேன். அந்த மனிதர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். பொங்கல் கழிந்ததும் அவளையும் மில்லில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண்ணின் படிப்பை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு நான் டிஃபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன்.

ஜனவரி வந்தால் கணக்கு டீச்சர்கள் பி.டி. பீரியடைப் பிடுங்கிக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். நானும் பத்தாவதின் உங்கள் பீரியடு முழுவதையும் ஸ்பெஷல் கிளாஸுக்கு எடுத்துக்கொண்டேன். முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்தால், கடைசி பெஞ்சில் சுகந்திக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கழுத்தில் விசில், மடியில் நாற்பது பக்க நோட்டு.

"என்னங்க டீச்சர் இது?"

"என்ர பீரியடுங்க. நான் வேற எங்க போறது? நீங்க நடத்துங்க, நானும் கேட்டுக்கறேன்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.  நீங்கள் என்னை வேவு பார்க்க வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் நிஜமாகவே கணக்குப் போட்டீர்கள். புரியாத இடத்தில் கையைத் தூக்கி, "டீச்சர், அந்த எக்ஸு எப்படிங்க அந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டீர்கள். பல பிள்ளைகளுக்கும் அதே சந்தேகம் இருந்ததை அவர்கள் முகம் மலர்ந்ததில் தெரிந்துகொண்டேன். அவர்கள் எத்தனை மாதமாக என்னிடம் கேட்கப் பயந்திருந்தார்களோ!

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. திரும்பினால், நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். உங்கள் முகத்தை அப்படி நான் முன்னே பின்னே பார்த்ததில்லை.

"டீச்சர், இந்தப் புள்ளைய செத்த நேரம் வெளிய கூட்டிட்டுப் போறேனுங்க."

நானும் சாக்பீஸை வைத்துவிட்டு உங்கள் பின்னால் வந்தேன். வராந்தாவில் அவளை நிறுத்தி, மைதானத்துக்கு அந்தப்புறம் ஆபீஸ் வாசலில் நின்ற எச்.எம். அம்மாவைக் காட்டிக் கேட்டீர்கள். "அங்க நிக்கறது யாரு கண்ணு?"

சுகந்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வாட்ச்மேன் அண்ணனுங்களா டீச்சர்?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. எச்.எம். அம்மா கட்டியிருந்தது நல்ல சிவப்புச் சேலை.

நீங்கள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். "போர்டுல நீங்க எழுதறப்ப தலையைச் சாய்ச்சாளுங்க. கிரவுண்டுல சாய்க்கற மாதிரியே சாய்ச்சா. சாக்பீஸ் சத்தத்தைக் கேக்கறா, நீங்க சொல்றதைக் கேட்டு எழுதறா, சொல்லாததைக் குத்துமதிப்பா எழுதறா. புள்ளைக்குத் தூரத்துல இருக்கறது எதுவும் தெரியலீங்க அம்மணி. நான் ரெண்டு வருசமா இதைத் தெறமைன்னு நெனச்சுப்போட்டேன்."

நான் திமிர் என்று நினைத்தேன், நீங்கள் திறமை என்று நினைத்தீர்கள். நம் இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை கண் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கே அது தெரியாது. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

அன்று மாலையே நீங்கள் அவளோடு மில் லைன் வீட்டுக்குப் போனீர்கள். மறுநாள் நீங்களே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள். சோடாபுட்டிக் கண்ணாடியோடு அவள் வகுப்புக்குள் வந்தபோது முதலில் என் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தாள். "டீச்சர், உங்களுக்குக் கன்னத்துல மச்சம் இருக்குதுங்களா!" என்றாள். ஏழு மாதம் என்னிடம் படித்த பிள்ளை. பொங்கல் கழிந்தும் அவள் மில்லுக்குப் போகவில்லை. மார்ச்சில் தேர்வு எழுதினாள். கணக்கில் எழுபத்தொன்று எடுத்தாள்.

நான் அவளைப் பாராட்டினேன். ஸ்வீட் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் போய் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று அப்போது நினைத்தேன். பிறகு, இப்போது போய் எப்படிக் கேட்பது என்று நினைத்தேன். இப்படி நினைத்து நினைத்தே வருஷங்கள் போய்விட்டன.

உங்கள் பணி ஓய்வு மே மாதம். பள்ளி லீவு விடுவதற்குள் விழாவை வைத்துவிட வேண்டும் என்று ஏப்ரலில் கடைசி வேலை நாளில் வைத்தோம். அப்படி ஒரு கூட்டத்தை அந்த மைதானம் கண்டதில்லை. தாராபுரத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி வந்திருந்தாள். போலீஸ் யூனிஃபார்மில் ஒருத்தி. பேத்தி எடுத்தவள்கூட ஒருத்தி. ஒவ்வொருத்தியும் மேடை ஏறி, "அன்னைக்கு டீச்சர் மட்டும் என்னைக் கவனிக்கலைன்னா" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் பேச முடியாமல் இறங்கினாள். சக ஆசிரியர்கள் மோதிரம் போட்டோம், சால்வை போர்த்தினோம். நீங்கள் மாலையின் கனத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, எப்போது முடியும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஏற்புரைக்கு மைக்கைப் பிடித்தீர்கள். இன்றைக்கும் அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது.

"எல்லாரும் நல்லதையே சொல்லிப்போட்டீங்க. நெம்ப சந்தோசமுங்க. நாஞ் செஞ்ச தப்பை நாந்தானே சொல்லோணும்? சுகந்தின்னு ஒரு புள்ள. அதுக்குக் கண்ணு தெரியாததை நான் தெறமைன்னு நெனச்சு ரெண்டு வருசம் கை தட்டிட்டு நின்னேன். காலைப் பார்த்தே எல்லாஞ் சொல்லுவான்னு பேரு வாங்குனவ நானு. முன்னால நின்ன புள்ளையோட கண்ணைப் பார்க்கலை. கண்ணு, வந்திருக்கறயா? எந்திரி. என்னை மன்னிச்சுப்போடு."

ஆயிரம் பேர் முன்னால் கைகூப்பி நின்றீர்கள். நான்காவது வரிசையில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவள் எழுந்தாள். "ஐயோ, என்னங்க டீச்சர் நீங்க!" என்று அங்கிருந்தே அழுதாள். கூட்டமே எழுந்து நின்றது. புகழ்ந்து பேசி முடித்த விழாவில் தன் தப்பை எடுத்து நடுவில் வைத்த ஒரு மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.  என்னைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீமிலிருந்து அவளை நீக்கியது யார், அவள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பியது யார் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது நன்றியுரை. அது நான். மைக் என் கையில், அவள் நான்காவது வரிசையில், நீங்கள் பக்கத்து நாற்காலியில். இதைவிட ஒரு சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? நான் பந்தல் போட்டவருக்கு நன்றி சொன்னேன். டீ போட்டவருக்கு நன்றி சொன்னேன். மைக் செட் அண்ணனுக்குக்கூட நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஓய்வு பெறுகிறவரைக் கார் வைத்து வீடு வரை கொண்டுபோய் விடுவது நம் வழக்கம். நீங்கள் காரைப் பார்த்ததும், "தெனமும் வந்த பஸ்ஸுலயே போறேனுங்க" என்று நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள். வேறு வழியில்லாமல் நாங்கள் முப்பது பேரும் தட்டும் பழமுமாக டவுன் பஸ்ஸில் ஏறினோம். மாலையோடு நின்ற உங்களைப் பார்த்து, "யாருக்குங்க கல்யாணம்?" என்று கண்டக்டர் கேட்டார். அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் எனக்கு உங்கள் பக்கத்து சீட் கிடைத்தது. இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகு மெல்ல ஆரம்பித்தேன்.

"டீச்சர், சுகந்தி விஷயத்துல உங்க தப்பு ஒண்ணுமே இல்லீங்க. நான்தான்..."

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். "அதை எங்கிட்ட எதுக்குங்க அம்மணி சொல்றீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். 

அதற்குப் பிறகு மூன்று வருஷம். சுகந்தியின் நம்பர் என் போனில் இருந்தது. பொங்கலுக்குக் கரும்புப் படம், தீபாவளிக்கு விளக்குப் படம் என்று அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் வீட்டு வாசலில் ஐம்பது நாள் முன்பு எல்லாரும் நின்றபோது அவளும் இருந்தாள். அழுது வீங்கிய கண்ணோடு என்னிடம் வந்து, "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அப்போதும் சொல்லவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை பள்ளியில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். நான்தான் பேச வேண்டுமாம். மூன்று நாளாகப் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. சுகந்தியிடம் போகாமல் உங்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? அதனால்தான் இன்று பஸ் ஏறினேன்.

சுகந்தி தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறாள். அவளும் கணவரும்தான் வேலை. நான் போனபோது செம்புக் கம்பியை விரலில் சுற்றியபடி குனிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும், "வாங்க டீச்சர், வாங்க! ஏனுங்க, மெசினை நிறுத்துங்க, டீச்சர் வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

உட்கார்ந்தால் பேச மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே சொன்னேன். "சுகந்தி, உனக்குக் கண்ணு தெரியாததை நான் திமிர்னு நெனச்சேன். எல்லார் முன்னாடியும் உன்னை அசிங்கப்படுத்தினேன். மேட்ச்சுக்குப் போக விடல. உங்கப்பாவைக் கூப்பிட்டு உன் படிப்பையே நிறுத்தப் பார்த்தேன். தெரிஞ்ச பின்னாடியும் ஒரு வார்த்தை கேக்கல. என்னை மன்னிச்சுரு."  சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தேன்.

அவள் கம்பியைக் கீழே வைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். "மொதல்ல உக்காருங்க டீச்சர்." உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது சொல்லும்மா" என்றேன்.

"அந்த மேட்ச்சுக்குப் போகாதது மட்டும் இன்னமும் ஒரு மாதிரியா இருக்குமுங்க. மத்ததெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க டீச்சர்." ஸ்டூலை முன்னால் நகர்த்திக்கொண்டு அவளே சொன்னாள். "நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. பி.டி. டீச்சர் ஃபங்சன் அன்னைக்கே எனக்குப் போன் போட்டாங்க. 'மேத்ஸ் டீச்சர் உன்னைத் தேடி வருவாங்க கண்ணு. நின்னுட்டே சொல்லிப்போட்டு ஓடப் பார்ப்பாங்க. உட்டுறாத. உக்கார வெச்சு டீ குடு'ன்னாங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ பிள்ளைகளை நீங்கள் பார்த்த பார்வையை நான் வெளியிலிருந்து பார்த்து வியந்திருக்கிறேன். அதே பார்வை என் மேலும் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"எப்ப வருவாங்கன்னு கேட்டனுங்க" என்றாள் சுகந்தி. "'கோவக்காரி, ஆனா நல்ல மனசு. ஒரு ஆறு மாசம் ஆகும்'னாங்க. அப்பறம் தீபாவளிக்குக் கேட்டாங்க, பொங்கலுக்குக் கேட்டாங்க. 'மேத்ஸ் டீச்சர் வந்தாங்களா?'ம்பாங்க. இல்லீங்கன்னு சொன்னா, 'வருவாங்க'ம்பாங்க. அவ்வளவுதானுங்க, அதுக்கு மேல ஒண்ணும் பேச மாட்டாங்க. கடைசியா ஆஸ்பத்திரில பார்த்தப்பவும் அதைத்தான் கேட்டாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு சீட் கிடைக்கவில்லை. துடியலூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் நீங்கள் என் மேல் வைத்திருந்த நம்பிக்கையை இனி நான்தான் சுமக்க வேண்டும். யாருக்காவது தப்பு செய்தால் அன்றைக்கே போய் நிற்க வேண்டும் என்று கால் பரபரக்கிறது. வெள்ளிக்கிழமை மேடையில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பந்தல்காரருக்கு நன்றி வேறு யாராவது சொல்லட்டும்.

அதற்கு முன்னால், நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குப் பதிலை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை எழுதுகிறேன்.

வந்துட்டேனுங்க, டீச்சர்.